வலிக்காத இடது கால்

அன்புள்ள மூத்தவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், உன் தங்கை ஊசியும் அவள் வீட்டுக்காரரும் நலம். நீயும் நலமாக இருப்பதாக உன் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய், அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரே மூச்சில் மூன்று தடவை நல்ல சரக்கு என்று சொன்னவனிடம் நான் இதுவரை ஒரு ஜோடிகூட எடுத்ததில்லை. போன வாரம் அடித்த காற்றில் கடையின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று தொங்கிவிட்டது. பக்கத்துக் குடைக்கடைக்காரர் ஏணியைக் கொடுத்துவிட்டு, பார்த்து ஏறுங்க அண்ணாச்சி, விழுந்தாலும் என் கடைப் பக்கம் விழாதீங்க என்று தெருவே சிரிக்கச் சொன்னார். ஊசிக்கு மருத்துவமனையில் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், முன்பு பெரியவர்களுக்கு ரத்தம் எடுத்தாள், இப்போது குழந்தைகளுக்கு, பெரியவர்கள்தான் அதிகம் அழுதார்கள் என்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனால் உன் கடிதம் வந்த பிறகு நாலு நாள் அவள் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் மாடியில் ஒரு கதவு விடாமல் தட்டி, என் பிள்ளை உடம்பையே ஜெயிச்சுட்டான், வெயில்ல காய்ஞ்ச கல்லு மேல நடந்தாலும் அவனுக்கு ஒண்ணும் தெரியலையாம், தியான இல்லத்துப் பெரியவரே எல்லாரையும் உட்கார வச்சு அவனைக் காட்டிச் சொன்னாராம் என்று படித்துக் காட்டிவிட்டு வந்தாள். நானும் கடையில் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்வானேன். உன் பழைய செருப்பு வந்து சேரும் வரைக்கும்.

பழையதைக் காட்டாதவனுக்குப் புதியது கிடையாது என்பது நம் வீட்டில் நான் வைத்த சட்டம், உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தாய். கஞ்சத்தனமும்தான், ஆனால் அது மட்டும் இல்லை. வாய் ஆயிரம் சொல்லும், செருப்பின் அடிப்பாகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. மாப்பிள்ளை வேன் ஓட்டுகிற வேலையை விட்டு நின்றதை ஊசிக்கு முன்பே கண்டுபிடித்தவன் நான். கிளட்ச் மிதிப்பவனுக்கு இடது செருப்பில் பெருவிரலுக்குக் கீழே தேயும், அவருடையது அந்த வருஷம் தேயவே இல்லை. தினமும் வேலைக்குக் கிளம்புவதாகச் சொல்லிப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார் மனுஷன். மாமா, நீங்க செருப்புக்கடை வச்சிருக்கீங்களா, போலீஸ் ஸ்டேஷன் வச்சிருக்கீங்களா என்று கேட்டார். இப்போது மறுபடி ஓட்டுகிறார், நன்றாகத் தேய்கிறது. உன் பார்சல் வந்த அன்று அம்மாதான் முதலில் பிரித்தாள். பிள்ளையின் செருப்பு என்றால் அவளுக்கு எப்போதும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், அவன் பாதத்தையே தடவுகிற மாதிரி. வலது செருப்பைத் தடவினாள். இடது செருப்பில் கையை விட்டவள் ஐயோ என்று கத்தி உதறினாள். அவள் நடுவிரல் நுனியில் ரத்தம். ரோட்டில் கிடந்த ஆணி ஒன்று அடித்தோலைத் துளைத்து உள்ளே ஒரு அரிசி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நான் செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். ஆணியின் தலை தரையில் தேய்ந்து தேய்ந்து மெலிந்து, கண்ணாடிபோல் மின்னியது. நம் கடையில் முப்பது வருஷமாகத் தைக்கிறாரே மெழுகு, அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது நேத்து ஏறின ஆணி இல்லைங்க, மூணு மாசமாவது நடந்திருக்கான் என்றார். உள்பக்கம் ஆணியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை, காய்ந்து பிசின் மாதிரி இறுகியிருந்தது. மெழுகு அதை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். செத்த மாட்டுத் தோலோடு ஆயுள் முழுக்க வேலை செய்தவர் அவர்.

உன் அம்மாவுக்கு ஒரு நொடியில் தெரிந்தது உனக்கு மூன்று மாசமாகத் தெரியவில்லை. அதைத்தான் நீ கடிதத்தில், வலி என்னை விட்டுப் போய்விட்டது, உடம்பு எனக்கு வெளியே எங்கோ இருக்கிறது என்று அழகாக எழுதியிருக்கிறாய். மகனே, அது ஞானம் இல்லை, சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றால் முதலில் காலில் இருக்கும் நரம்பு சாகும், அப்புறம் ஆணி குத்தினாலும் அனல் சுட்டாலும் மேலே சொல்ல ஆள் இருக்காது. காவல்காரன் செத்துவிட்டான், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, ஆஹா என்ன அமைதி என்று நீ கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாய். திருடன் உள்ளே வந்து மூன்று மாசம் ஆகிறது. உனக்குச் சர்க்கரை இருப்பது அங்கே போவதற்கு இரண்டு வருஷம் முன்பே தெரியும், ஊசிதான் ரத்தம் எடுத்துச் சொன்னாள், மாத்திரையும் கையில் கொடுத்துத்தான் அனுப்பினோம். மாத்திரையைப் பற்றிப் போன வருஷம் அம்மா கேட்டதற்கு, அதுவும் ஒரு பற்றுத்தானே அம்மா, விட்டுவிட்டேன் என்று எழுதினாய். அவளுக்கு அது பெரிய வார்த்தையாக இருந்தது, எனக்கு அடுத்த லோடு இறக்குகிற அவசரம், விட்டுவிட்டேன். அது என் தப்பு, அதற்கு வருகிறேன். முதலில் உன் தப்பைச் சொல்லி முடிக்கிறேன்.

நீ பள்ளியில் ஒரு பரிசு வாங்கியதில்லை. கடையில் உட்காரவைத்தேன், எட்டாம் நம்பர் கேட்டவருக்கு ஏழாம் நம்பரைக் கொடுத்துப் போகப் போகச் சரியாயிடும் என்றாய், அவர் திரும்பி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். அலுவலக வேலையில் ஏழு மாசம் இருந்தாய், உன் மேலாளர் தொலைபேசியில், பையன் ரொம்ப நல்லவன், வேற ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். அவ்வளவு நாகரிகமாக ஒருவனை நான் வேலையை விட்டு அனுப்பியதில்லை. முப்பத்து நாலு வயதில் உனக்குக் கிடைத்த முதல் பாராட்டு உன் நரம்பு செத்ததற்கு. அதனால்தான் அதை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாய் என்று நான் நினைக்கிறேன். காலில் புண் இருப்பது உனக்குத் தெரியாது என்று நான் ஒரு நிமிஷமும் நம்பவில்லை. வலிதான் தெரியாது, கண்ணுக்கு என்ன ஆயிற்று? உள்ளங்காலில் கட்டியிருந்த துணியின் நூல் செருப்பின் வாரில் சிக்கியிருந்தது, மெழுகு அதை ஊசிமுனையால் எடுத்துக் காட்டினார். கட்டுப் போட்டவனுக்குப் புண் தெரியாதா? அதைச் சொன்னால் கல் மேல் நடந்த பெருமை போய்விடும், புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசனம் போய்விடும், மறுபடி நீ செருப்புக்கடைக்காரன் மகன் ஆகிவிடுவாய். அதற்குப் பயந்து அழுகிப்போகிற காலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு ஆசையை விடுங்கள் என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன் அறையில் இருந்த இருவர் வேறு அறை கேட்டு மாறிவிட்டார்கள், தனிமை கூடி வந்தது என்று எழுதியிருந்தாய். தனிமை கூடி வரவில்லையப்பா, நாற்றம் கூடியிருக்கிறது. உன் முகத்துக்கு நேரே சொல்ல அவர்களுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் இல்லை, நான் உன்னைப் பெற்றவன்.

இப்போது என் தப்பு. நீ அங்கே போன மறு வருஷம் நான் இரண்டு மாசம் கடைக்கு வரவில்லை, சரக்கு எடுக்க வெளியூர் போயிருப்பதாக உனக்கு எழுதச் சொன்னேன், நினைவிருக்கிறதா? நான் எங்கும் போகவில்லை. ஊசி வேலை செய்யும் மருத்துவமனையில் மூன்றாவது மாடியில் படுத்திருந்தேன். வலது காலில் கடைசி இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். எனக்கும் சர்க்கரைதான், உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? புதுச் சரக்கில் ஒரு ஷூவை நானே போட்டு நடந்து பார்த்தேன், உள்ளே தையல் மடிந்திருந்தது, நாள் முழுக்கக் கடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. காலுக்கே வியாபாரம் செய்கிறவனைச் செருப்பு கடித்தது தெரிந்தால் எவன் வாங்குவான் என்று மூன்று வாரம் ஒருவரிடமும் சொல்லாமல் சாக்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். அந்த மூன்று வாரத்துக்கு இரண்டு விரல். டாக்டர் சின்னப் பெண், ஊசி வயதுதான் இருக்கும், பெரியவரே, முதல் நாளே வந்திருந்தா ஒரு களிம்போட போயிருக்கும், அப்படி என்ன வேலை உங்களுக்கு என்று கேட்டாள். இன்றைக்கும் ஷூவில் அந்த இடத்தில் பஞ்சு வைத்துத்தான் போடுகிறேன், கடைக்கு வருகிறவர் ஒருவருக்கும் தெரியாது, இப்போது உனக்குத் தெரியும். நடைபாதையில் சாக்கு விரித்துச் செருப்பு விற்ற காலத்தில், நாள் முழுக்க நின்று கால் மரக்கட்டை ஆயிடுச்சு, இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது என்று நான் சாப்பிட உட்காரும்போது பெருமை அடித்தால் நீ வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாய். மரத்துப் போவதுதான் ஆம்பளைத்தனம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். உன் பெரியவர் அல்ல. அதனால்தான் திட்டுகிற உரிமையும் எனக்குத்தான் முதலில்.

பெரியவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் இல்லத்துக்குப் பத்து வருஷமாக நம் கடைச் செருப்புத்தான் போகிறது, அவருடைய பழசும் என்னிடம் வரும். அவர் செருப்பில் உள்ளே மெத்தை அட்டை ஒன்று இருக்கும், கால் டாக்டர் அளவெடுத்துக் கொடுத்தது, நான் தைத்துக் கொடுப்பது. குதிகால் இருபக்கமும் சீராகத் தேய்ந்திருக்கும், உள்ளே ஒரு மணல் இருக்காது. தினமும் துடைத்துப் பார்த்துப் போடுகிற மனுஷன், அவருக்கும் சர்க்கரைதான். எழுந்ததும் முதலில் அவர் தன் அறையில் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்வார், அது பெரிய தியானம் என்று எழுதியிருந்தாயே, அவர் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று அவரிடம் தொலைபேசியில் பேசினேன். உனக்குச் சர்க்கரை என்று சொன்னேன். அவன் எங்கிட்ட சொல்லவே இல்லையே, நான் அவனைக் கல்லு மேல நடக்க வச்சு எல்லாருக்கும் காட்டினேனே என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. நீங்க உங்க காலை மூடின கதவுக்குப் பின்னாடி பார்த்தீங்க, திறந்து வச்சுப் பார்த்திருந்தா என் பையன் அதையும் கத்துக்கிட்டிருப்பான் என்றேன். வியாபாரி வாய், அப்படித்தான் வரும். அவர் கோபப்படவில்லை. நீங்க சொல்றது சரிதான், நாளைக்கே எல்லார் முன்னாடியும் உட்கார்ந்து கழுவறேன் என்றார். இதைக் கேட்ட பிறகுதான் அவர் பெரியவர் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

ஆன்மா, உடம்பு என்று உன்னோடு வாதம் பண்ண எனக்குப் படிப்பு போதாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று உனக்குப் பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள், நீ பரீட்சையிலும் எழுதியிருப்பாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விரல் போன பிறகு தினமும் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கை எல்லாம் ஈரமில்லாமல் ஒற்றி, கடையில் செருப்புப் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் சாய்ந்த கண்ணாடியில் ஒன்றைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். முதல் வாரம் அவமானமாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேருடைய காலைக் குனிந்து பிடித்தவன் நான், அறுபது வருஷத்தில் ஒரு தடவை என் காலுக்குக் குனிந்ததில்லை. அது ஒரு கேவலமான, வெடித்த, மஞ்சள் பிடித்த கால். என்னை நடைபாதையிலிருந்து கடைக்குத் தூக்கி வந்தது அதுதான், நான் என் மூளை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் அதைப் பார்ப்பவனுக்குத் தலைக்கனம் வராது, அது மட்டும் உறுதி. முன்பு கடவுளிடம் வேண்டும்போது அது கொடு இது கொடு என்பேன், இப்போது குனிந்திருக்கும்போது கேட்க ஒன்றும் தோன்றுவதில்லை, இருக்கிற எட்டு விரலையும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன். போன மாசம் வாடிக்கைக்காரர் ஒருவர் செருப்பு கடிக்கிறது என்று கத்தினார், பழைய நானாக இருந்தால் வாயாலேயே அடக்கியிருப்பேன், உட்கார்ந்து அவர் காலைப் பார்த்தேன், நிஜமாகவே கடித்திருந்தது. இது முன்னேற்றம் இல்லை என்றால் நீ எனக்கு வேறு ஒன்றைக் காட்டு. உன் கண்ணை மூடிய தியானத்தை நான் கேலி செய்யவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கவேண்டிய ஒன்றை மூடிக்கொண்டு பார்க்கிறாயே என்றுதான் சொல்கிறேன். என் பேச்சை நம்பாவிட்டால், இன்றைக்கே புதிதாக வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, நீ கண்ணை மூடிக்கொள், அவரைப் பஞ்சால் உன் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொடச் சொல். தொட்டது எங்கே என்று சொல். ஒன்றும் சொல்ல முடியாமல் நீ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் பயப்படட்டும். அவருக்கு நீ கொடுக்கிற உருப்படியான முதல் பாடம் அதுவாக இருக்கும்.

வியாழக்கிழமை காலையில் ஊசியும் மாப்பிள்ளையும் வேனோடு உங்கள் வாசலில் நிற்பார்கள். கால் டாக்டரிடம் அன்றைக்கே நேரம் வாங்கிவிட்டாள். மெழுகிடம் செருப்பைப் பார்த்து எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டு அந்த டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், எலும்பைத் தொட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும், தொடாமல் இருந்தால் மருந்தோடு போகலாம், வந்தால்தான் தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்றாராம். நீ வரமாட்டேன் என்று சொல்லலாம், உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வர மாப்பிள்ளைக்குச் சக்தி உண்டு, ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் கால், நீதான் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்புவார்கள். அம்மா வருகிறேன் என்று அழுதாள், நான் விடவில்லை. அவள் வந்தால் உன் காலைப் பிடித்துக் கும்பிட்டாலும் கும்பிடுவாள், அதைப் பார்த்து நீ மறுபடி சாமியார் ஆகிவிடுவாய். அவள் விரலில் ஆணி குத்திய இடம் ஆறிவிட்டது, ஒரு ஊசியும் போட்டுக்கொண்டாள். அவளிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்றுக் காலையில் அவளாகவே மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, என் பையன் ஜெயிக்கல, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். முழங்கால் வலிக்கிறது என்று வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இருக்கும் தைரியத்தில் பாதி உனக்கு இருந்தால் போதும்.

நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த புத்தியோடும் இருக்க வேண்டும், உன் பெயரைச் சொல்லி நாங்கள் சந்தோஷமாகப் படுத்து எழ வேண்டும், என் ஆயுளில் எனக்கு உன்னிடம் வேறு ஒன்றும் வேண்டாம். வியாழக்கிழமை வரை இடது காலை ஊன்றாதே, சுடுதண்ணீரில் வைக்காதே, எவன் சொன்னாலும் இலை தழை வைத்துக் கட்டாதே, சுத்தமான துணியால் மூடி வை, மாத்திரையைப் பெரியவரிடம் கேட்டு வாங்கி இன்றைக்கே ஆரம்பி, நான் அவரிடம் சொல்லிவிட்டேன். இதோடு வரும் பார்சலில் புதுச் செருப்பு இருக்கிறது. பிரித்ததும் கடையில் தவறிவிட்டார்கள் என்று நினைக்காதே. வலது செருப்பு மட்டும்தான் வைத்திருக்கிறேன். இடது செருப்பை மெழுகு இன்னும் வெட்டவில்லை, தோல் மேஜை மேல் இருக்கிறது. டாக்டர் எவ்வளவு மிச்சம் வைக்கிறாரோ அந்த அளவுக்குத்தான் வெட்ட முடியும்.

இப்படிக்கு,
எட்டு விரல் மிச்சமிருக்கும் உன் அப்பா